மொபைல் க்ளிக்: பூனை போஸ் கொடுக்காது... நாம்தான் காத்திருக்கணும்!

நாய்களை போட்டோ எடுப்பது பற்றி எழுதிய வாரத்திலிருந்து மெயில் பெட்டியில் ஒரே கேள்விதான். "நாய் சரி, எங்க வீட்டுப் பூனைக்கு என்ன வழி?" அதில் மூன்று மெயில்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி. அவர் மொபைலில் பூனைப் படங்கள் நிறைய இருக்கின்றனவாம். அவற்றில் பாதி, ஃபிரேமை விட்டு வெளியே போகும் வால். மீதி, லென்ஸை முகர்ந்து பார்க்கும் மூக்கு.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். அவர் வீட்டுப் பூனைக்கு 15 வயது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது, அதிக நாள் இருக்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். "15 வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கோம். ஃபிரேம் போட்டு மாட்டுகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை" என்று எழுதியிருந்தார்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா. மாடிப்படிக்கு அடியில் தெருப் பூனை ஒன்று நான்கு குட்டிகள் போட்டிருக்கிறது. தாய் ஒருநாள் வண்டியில் அடிபட்டு இறந்துவிட, குட்டிகளை இவரே வளர்த்து, வாட்ஸ்அப் குரூப்களில் படம் போட்டு வீடு தேடினார். மூன்றுக்கு வீடு கிடைத்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு கறுப்புக் குட்டி. அவர் அனுப்பியிருந்த போட்டோவைத் திறந்து பார்த்தேன். கரித்துணி ஒன்றைச் சுருட்டி வைத்து, அதில் இரண்டு பச்சை பல்பு மாட்டியதுபோல இருந்தது. குட்டி இருக்கிறது, முகம் இல்லை.

பூனை போட்டோ என்றாலே சிரிப்பும் ரீல்ஸும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒருவருக்கு அது கடைசி நினைவு. ஒரு குட்டிக்கு அதுதான் புது வீட்டுக்கான விண்ணப்பம். அதனால் இந்த வாரம் கொஞ்சம் சீரியஸாகவே பூனையைப் பார்த்துவிடுவோம்.

150 வருஷத்துப் போராட்டம்

பூனையை உட்காரவைத்துப் படம் எடுக்கும் ஆசை நமக்கு மொபைல் வந்த பிறகு வந்தது அல்ல. 1870-களிலேயே இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஹாரி பாயிண்டர் என்பவர் பூனைகளைப் படம் எடுத்து, சின்னச் சின்ன அட்டைகளாக அச்சிட்டு விற்றார். ஆரம்பத்தில் பால் குடிக்கும் பூனை, கூடையில் தூங்கும் பூனை என்றுதான் எடுத்தார். பிறகு மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்த பூனை, தானே கேமரா பிடிக்கும் பூனை என்று வளர்ந்தது. ஏறக்குறைய 200 படங்கள். இன்றைய பூனை மீம்களுக்குத் தாத்தா இவர்தான்.

அடுத்து அமெரிக்காவின் ஹாரி விட்டியர் ஃப்ரீஸ். பூனைக்குட்டிகளுக்குச் சட்டை, தொப்பி மாட்டி போஸ்ட் கார்டு எடுத்தவர். அவர் காலத்து கேமராவில் ஒரு படம் பதிய ஏறக்குறைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தில் பூனை மீசையை அசைத்தாலும் படம் போச்சு. வேலை அவ்வளவு அலுப்பானது என்பதால், வருஷத்தில் மூன்று மாதம் மட்டுமே படம் எடுப்பாராம்.

1948-ல் புகைப்படக்காரர் ஃபிலிப் ஹால்ஸ்மன், ஓவியர் சால்வடார் டாலியை வைத்து எடுத்த 'டாலி அட்டாமிகஸ்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். டாலி அந்தரத்தில் குதிக்க, மூன்று பூனைகளும் ஒரு வாளித் தண்ணீரும் காற்றில் பறக்கும். கிராஃபிக்ஸ் கிடையாது. உதவியாளர்கள் பூனைகளை வீச, தண்ணீரை ஊற்ற, டாலி குதிக்க... 28 முறை முயன்று கிடைத்த படம் அது. உலகப் புகழ் பெற்ற படம்தான். ஆனால் ஒவ்வொரு டேக்குக்கும் பூனையைத் தூக்கி எறிவதை இன்று எந்த வீட்டிலும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பூனையும்தான்.

எனக்குப் பிடித்தவர் வால்டர் சண்டோஹா. 1949 குளிர்காலத்தில் நியூயார்க்கில் பனியில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு சாம்பல் நிறக் குட்டியை கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கு 'லோகோ' என்று பெயர். அதைப் படம் எடுக்க ஆரம்பித்தவர், 2019-ல் 98 வயதில் இறக்கும்வரை பூனையை விடவில்லை. பூனைப் படங்கள் மட்டுமே சுமார் 90,000 எடுத்திருக்கிறார். தரையோடு தரையாகப் படுத்து, பூனையின் கண் மட்டத்தில் கேமராவை வைப்பது அவர் வழக்கம். அவர் மனைவி மரியா பக்கத்தில் இருந்து பூனைகளைக் கவனித்துக்கொள்வார். இந்தக் கடைசி விஷயத்தை மறக்காதீர்கள், பிறகு வேலைக்கு வரும்.

நாய்க்கும் பூனைக்கும் என்ன வித்தியாசம்?

நாயிடம் "உட்கார்" என்றால் உட்கார்ந்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். அந்த ஒரு பார்வை போதும், படம் முடிந்தது. பூனைக்கு நம் கட்டளையில் ஆர்வம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது மட்டும் திரும்பும், முகம் திரும்பாது. 'கேட்டுவிட்டது, வர உத்தேசம் இல்லை' என்று அர்த்தம்.

அடுத்தது காது. நமக்கு அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு 60 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் கேட்கும். பக்கத்து அறையில் மிக்ஸி ஓடினாலே அதற்குப் பெரிய கலவரம். அந்த நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயன் இல்லை.

மூன்றாவது கண். நாம் பார்க்கத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனை சமாளித்துவிடும். அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. ஃப்ளாஷ் போட்டால் படத்தில் பச்சையாகவோ மஞ்சளாகவோ கண் எரிவது இதனால்தான். திருச்சிக் குட்டியின் 'பச்சை பல்பு'க்குக் காரணம் பேய் இல்லை, ஃப்ளாஷ்.

பூனைக்கு மிக அருகில் இருக்கும் பொருள் தெளிவாகத் தெரியாது. ஏறக்குறைய ஓர் அடிக்குள் வந்துவிட்டால் அது கண்ணை விட்டுவிட்டு மூக்கையும் மீசையையும்தான் நம்பும். நாம் மொபைலை முகத்துக்கு முன்னால் நீட்டினால் அது முகர வருவதற்குக் காரணம் இதுதான். கோவைத் தங்கையின் மூக்குப் படங்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது. மொபைலை அருகில் கொண்டுபோகாமல், நான்கைந்து அடி தள்ளி உட்கார்ந்து 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் லென்ஸில் எடுங்கள். பூனையும் எழுந்து வராது, மூக்கும் உருளைக்கிழங்கு மாதிரி வீங்கித் தெரியாது.

எப்போது எடுப்பது?

பூனை ஒருநாளில் பாதிக்கு மேல் தூங்கும். சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும். துள்ளி ஓடும்போது போர்ட்ரெய்ட் எடுக்க முடியாது. ஆழ்ந்து தூங்கும்போது எடுத்தால் கண் இருக்காது.

அதற்கு நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. பூனையின் அன்றாட வரிசையைக் கவனியுங்கள்: விளையாட்டு, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம். ஒரு கயிற்று பொம்மையை வைத்துப் பத்து நிமிடம் விளையாட விடுங்கள். பிறகு சாப்பாடு வையுங்கள். வயிறு நிறைந்து, முகம் துடைத்து முடித்து, தூக்கம் கண்ணைக் கட்டுவதற்கு முன் சில நிமிடங்கள் அது சும்மா உட்கார்ந்திருக்கும். அதுதான் உங்கள் ஸ்டூடியோ டைம். தூங்கி எழுந்து சோம்பல் முறித்த அடுத்த நிமிடமும் நல்ல நேரம்.

விளையாடிய கயிற்றை உடனே எடுத்து வைத்துவிடுங்கள். நூல், ரிப்பன், ஜிகினா இழை எதையாவது பூனை விழுங்கிவிட்டால் குடலில் சிக்கி ஆபரேஷன் வரை போகும்.

வெளிச்சம்: ஜன்னலும் வேட்டியும் போதும்

ட்யூப் லைட்டை மறந்துவிடுங்கள். காலை 8 மணிக்கு மேல், நேர் வெயில் விழாத ஜன்னல் ஒன்று போதும். நேர் வெயில் விழுந்தால், பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாக ஜன்னலில் கட்டிவிடுங்கள். கம்பி நிழல் பூனையின் முகத்தில் சிறைக் கம்பி மாதிரி விழாது, வெளிச்சமும் பாலாடை மாதிரி மெத்தென்று பரவும்.

பூனை ஜன்னலுக்கு முதுகைக் காட்டக் கூடாது; பக்கவாட்டில் இருக்கட்டும். ஜன்னலுக்கு எதிர்ப்புறம் முகம் இருண்டு தெரிந்தால், அந்தப் பக்கம் வெள்ளை சார்ட் பேப்பரோ தெர்மாகோல் அட்டையோ சாய்த்து வையுங்கள். நிழலில் இருக்கும் கன்னத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் போகும்.

கண்மணியையும் கவனியுங்கள். வெயிலில் அது கோடு மாதிரிச் சுருங்கிவிடும், முகம் கொஞ்சம் கடுகடுவென்று தெரியும். மிதமான ஜன்னல் வெளிச்சத்தில் பாதி விரிந்து, நிறமும் தெரியும், பார்வையும் சாந்தமாக இருக்கும். அதே நேரம், நல்ல வெளிச்சத்திலும் கண்மணி முழு வட்டமாக விரிந்து, காது பக்கவாட்டில் மடங்கினால் அது அழகு இல்லை, பயம். கேமராவை கீழே வைத்துவிடுங்கள்.

கறுப்பு ஏன் கரியாகிறது?

இப்போது திருச்சிக் குட்டிக்கு வருவோம்.

கேமராவுக்குப் பூனை, புடவை, பூசணிக்காய் என்ற பேதம் கிடையாது. எதைக் காட்டினாலும் சராசரியாக ஒரு சாம்பல் நிற வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுப்புப் பூனை உட்கார்ந்தால், 'அடடா, வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். பூனை கரி ஆகிவிடும். அதே கறுப்புப் பூனை ஃபிரேம் முழுக்க நிறைந்தால், 'அய்யோ, இருட்டு' என்று வெளிச்சத்தைக் கூட்டும். கறுப்பு, அழுக்குச் சாம்பலாகி புள்ளி புள்ளியாகத் தெரியும். வெள்ளைப் பூனைக்கு நேர்மாறான பிரச்னை. ஒன்று சாம்பல் பூசியதுபோல மங்கும். இல்லையென்றால், ரோமமே தெரியாமல் வெளிறிப் போகும்.

தீர்வு உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. ஸ்கிரீனில் பூனையின் கண்ணைத் தொடுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் அந்த இடத்துக்கு ஏற்ப மாறும். பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு சின்ன ஐகானோ, ஏற்றி இறக்கும் கோடோ தோன்றும். அதை மேலே நகர்த்தினால் வெளிச்சம் கூடும், கீழே நகர்த்தினால் குறையும். ரோமத்தின் இழைகள் தெரிகிறவரை கூட்டுங்கள். கறுப்பு சாம்பலாகத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பல மொபைல்களில் அதே இடத்தை அழுத்திப் பிடித்தால் அந்த செட்டிங் லாக் ஆகிவிடும்.

பின்னணியும் முக்கியம். கறுப்புப் பூனைக்குப் பளீர் வெள்ளையும் வேண்டாம், கருநீலமும் வேண்டாம். மஞ்சள், செங்கல் சிவப்பு, கிளிப்பச்சை, சந்தன நிறம் எல்லாம் அருமையாக எடுபடும். அம்மாவின் பழைய காட்டன் புடவையைவிடச் சிறந்த ஸ்டூடியோ திரை எந்தக் கடையிலும் கிடைக்காது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், பளபளப்பும் இருக்காது, வீட்டு வாசனை இருப்பதால் பூனையும் அதில் நிம்மதியாக உட்காரும்.

இதையெல்லாம் மெயிலில் எழுதினால் புரியாது என்று தோன்றியதால், அந்தத் திருச்சி அம்மாவுக்கு போன் செய்தேன். மருமகளின் மொபைலில் வீடியோ கால், அவர் மொபைலில் கேமரா.

"தம்பி, இது ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குதே!"

"விடுங்கம்மா, நீங்க உக்காருங்க. தரையில உக்காருங்க. அது தானா வரும்."

"முட்டி வலி தம்பி எனக்கு."

"அப்போ அதை மேல ஏத்திடலாம்மா. ஜன்னல் பக்கத்துல ஸ்டூல் இருக்கா?"

ஸ்டூல் வந்தது. அதன் மேல் ஒரு மாம்பழ மஞ்சள் புடவை. குட்டி ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, புடவையைப் பிராண்டி, கடைசியில் உட்கார்ந்தது. அம்மா நாற்காலியில் உட்கார, குட்டியின் கண்ணும் கேமராவும் ஒரே மட்டம். மருமகள் பின்னால் நின்று ஒரு சாக்லேட் தாளைக் கசக்கினார். குட்டி நிமிர்ந்து பார்த்தது. அம்மா கண்ணைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, விடாமல் எடுத்தார்.

முக்கால் மணி நேரத்தில் ஏகப்பட்ட படங்கள். தேறியவை மூன்று. ஆனால் அந்த மூன்றில் ஒன்றைப் பார்த்த பிறகுதான் எங்கள் இருவருக்குமே தெரிந்தது, அந்தக் குட்டி முழுக் கறுப்பு இல்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் முதுகில் காப்பிக்கொட்டை நிறம் ஓடுகிறது; கவனித்துப் பார்த்தால் மெல்லிய வரிகள்கூட இருக்கின்றன. மோவாய்க்குக் கீழே நாலு வெள்ளை முடி. "ரெண்டு மாசமா மடியில தூங்குது, நானே பாக்கல தம்பி" என்றார்.

குறுக்கே போன குற்றம்

கறுப்புப் பூனைக்கு வீடு கிடைக்காததற்கு கேமரா பாதிக் காரணம் என்றால், மீதிக் காரணம் நமக்கே தெரியும். நம் ஊரில் எந்தப் பூனை குறுக்கே போனாலும் சகுனம் சரியில்லை என்பார்கள். கறுப்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. கறுப்புப் பூனைகளைத் தத்துக்கொடுக்க அதிக நாள் ஆகிறது என்பதால்தான், இங்கிலாந்தில் 'கேட்ஸ் புரொடெக்‌ஷன்' என்ற அமைப்பு 2011 முதல் அக்டோபர் 27-ஐ கறுப்புப் பூனைகள் தினமாகக் கொண்டாடி வருகிறது. இத்தனைக்கும் அங்கே பலர் கறுப்புப் பூனையை அதிர்ஷ்டம் என்று நம்புகிறவர்கள்!

நல்ல போட்டோ எந்த மூடநம்பிக்கையையும் ஒரே நாளில் ஒழித்துவிடாது. ஆனால் 'கறுப்புப் பூனை' என்ற பொதுப்பெயரை, காப்பி நிற முதுகும் நாலு வெள்ளை முடியும் உள்ள 'இந்தக் குட்டி'யாக மாற்ற அதனால் முடியும். புதுப் படத்தைப் போட்ட பிறகு இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள். ஒருவர், "கறுப்பா இருக்கே, வீட்டுக்கு ஆகுமா?" என்று கேட்டு நிறுத்திக்கொண்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து இன்னொரு குடும்பம் வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறதாம்.

ஷார்ப்பாக வரச் சில வழிகள்

* கண் மட்டம்: நின்றுகொண்டு எடுத்தால் பெரிய தலையும் குட்டை உடம்பும்தான் கிடைக்கும். இஸ்தான்புல் தெருப் பூனைகள் பற்றிய 'கெடி' ஆவணப்படத்துக்கு, பூனையின் உயரத்தில் ஓடுவதற்காக பொம்மை காரில் கேமராவைக் கட்டி ஓட்டினார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். பாயில் படுங்கள், முடியாதவர்கள் பூனையை ஸ்டூலில் ஏற்றுங்கள்.

* கண்ணில் ஃபோகஸ்: மூக்கு தெளிவாக இருந்து கண் மங்கினால் அந்தப் படம் வீண். இப்போது வரும் பல கேமராக்களில் விலங்குகளின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. சோனி 2019-லேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. உங்கள் மொபைலில் இல்லையென்றால் விரல்தான் வழி.

* வேகம்: 'புரோ' மோடு இருந்தால், உட்கார்ந்த பூனைக்கு ஷட்டர் 1/250, விளையாடும் பூனைக்கு 1/1000 வரை வையுங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களைச் சேர்த்து ஒரு படமாக்கும் வசதி. அதற்குள் பூனை திரும்பினால் இரண்டு தலையோடு வரும்.

* பர்ஸ்ட்: ஷட்டர் பட்டனை ஓரமாக இழுத்துப் பிடித்தால் பல மொபைல்களில் வரிசையாகப் படங்கள் விழும். சிலவற்றில் அழுத்திப் பிடித்தாலே போதும். அது இல்லையென்றால் 4கே வீடியோ எடுத்து, அதிலிருந்து நல்ல ஃபிரேமை ஸ்டில்லாக எடுக்கலாம். ஏறக்குறைய 8 மெகாபிக்ஸல் கிடைக்கும். போஸ்ட் கார்டு அளவுக்குத் தாராளம். ஆனால் வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும்.

* போர்ட்ரெய்ட் மோடு: பின்னணியை மங்கலாக்கும் இந்த மோடு, மனித முகத்தில் அழகாக வேலை செய்யும். பூனையிடம் வந்தால் மீசையையும் காது நுனி ரோமத்தையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். மீசை இல்லாத பூனை யாருக்கு வேண்டும்? சாதாரண மோடிலேயே, பூனைக்கும் சுவருக்கும் நடுவில் ஐந்தாறு அடி இடைவெளி விட்டு, 2எக்ஸ் அல்லது 3எக்ஸில் எடுத்தால் பின்னணி ஓரளவு தானாகவே மங்கும்.

* சத்தம்: 'ச்சு ச்சு', சாவிக்கொத்து, காகிதம் எதுவானாலும் இரண்டு மூன்று முறைதான் எடுபடும். அதற்குப் பிறகு பூனைக்கு அலுத்துவிடும். அதனால் ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் தயாரான பிறகு கடைசியாகச் சத்தம் கொடுங்கள்.

* இரண்டு பேர்: சண்டோஹாவின் மனைவியைப் பற்றிச் சொன்னேனே... ஒருவர் கேமரா, ஒருவர் பூனை. பூனைக்குப் பழக்கமானவர் கேமராவுக்குப் பின்னால் நின்றால் பார்வை தானாக லென்ஸ் பக்கம் வரும்.

* கண் சிமிட்டல்: பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறந்தால், அதுவும் பெரும்பாலும் அப்படியே பதில் சொல்லும். சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்திருக்கிறது. அப்படிச் சிமிட்டிய புதியவர்களிடம்கூட பூனைகள் அதிகம் நெருங்கி வந்தனவாம். இறுக்கமாக இருக்கும் பூனையை இலகுவாக்க இதைவிட மலிவான வழி இல்லை.

வேண்டவே வேண்டாம்!

அழகுக்காகப் பக்கத்தில் பூங்கொத்து வைக்கும்போது அதில் லில்லி இருக்கக் கூடாது. லில்லியின் இதழ், இலை, மகரந்தம், ஏன், ஜாடித் தண்ணீர்கூட பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே ஆபத்து.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், பால்கனி விளிம்பு இரண்டிலும் உட்காரவைத்து எடுக்காதீர்கள். மதில் மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்பது பழமொழிக்குச் சுவையாக இருக்கலாம். மூன்றாவது மாடியில் அது விளையாட்டு இல்லை.

சட்டை, கண்ணாடி, கிரீடம் மாட்டியதும் பூனை அப்படியே உறைந்து நின்றால், 'அடக்கமா போஸ் கொடுக்குது' என்று நினைக்காதீர்கள். அது மிரண்டுபோய் நிற்கிறது. பிடரியைப் பிடித்துத் தூக்கி வைத்து எடுப்பதும் அப்படித்தான்.

லஞ்சமாகப் பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது. கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம். உப்பு போடாமல் வேகவைத்த மீனோ கோழியோ நகக்கண் அளவு போதும்.

வயதான பூனைக்கு...

மதுரை ஐயாவுக்கு எழுதிய பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நோயுற்ற பூனையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போக வேண்டாம். வீட்டிலும் இடம் மாற்ற வேண்டாம். அது வழக்கமாகப் படுக்கும் இடத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோங்கள். கதவைத் திறந்து வையுங்கள், சார்ட் பேப்பரைச் சாய்த்து வையுங்கள். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் போதும். மருந்து கொடுத்த உடனே எடுக்காதீர்கள். அந்தக் கோபம் கண்ணில் தெரியும்.

முகம் மட்டும்தான் போர்ட்ரெய்ட் என்று இல்லை. நாற்காலிக் கையில் பதிந்திருக்கும் பாதம், கிழிந்த காது நுனி, உங்கள் மடியில் அது சுருண்டிருக்கும் முதுகு எல்லாமே போர்ட்ரெய்ட்தான். முக்கியமாக, கேமராவை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நீங்களும் ஃபிரேமுக்குள் வாருங்கள். எந்த வீட்டு ஆல்பத்திலும் படம் எடுத்தவர்தான் எப்போதும் இருக்க மாட்டார். 15 வருஷம் ஒன்றாக இருந்தது இருவர், படத்திலும் இருவரும் இருக்கட்டும்.

இந்த வார ஹோம்வொர்க்

அழகுக்காக இல்லாமல், அவசரத்துக்காக நான்கு படங்கள் எடுத்து வையுங்கள். ஒன்று, நேராக முகம். இரண்டு, இடது பக்கம் முழு உடம்பு. மூன்று, வலது பக்கம் முழு உடம்பு. நான்கு, அந்தப் பூனைக்கு மட்டுமே உரிய அடையாளம்: வளைந்த வால், நெற்றி மச்சம், கால் வெள்ளை, எதுவானாலும்.

தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் பூனைகள் பல. நான்கு நாள் கழித்து மூன்றாவது தெருவில் ஒரு சாம்பல் பூனையை யாரோ பார்த்தேன் என்பார்கள். ஊரில் சாம்பல் பூனைக்கா பஞ்சம்? அப்போது கையில் இருக்க வேண்டியது, மங்கலான தூக்கப் படம் அல்ல, இந்த நான்குதான். எடுத்ததும் வீட்டில் இன்னொருவர் மொபைலுக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள்.

எடுத்த போர்ட்ரெய்ட்களை வழக்கம்போல எங்களுக்கு மெயில் செய்யுங்கள். வால் மட்டும் இருக்கும் படங்களும் வரவேற்கப்படும். அவற்றுக்குத் தனி கேலரி போடலாம் என்று டெஸ்க்கில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த வாரம்: கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீனை, நம் முகம் பிரதிபலிக்காமல் எடுப்பது எப்படி?